கொச்சியா, தூத்துக்குடியா? பொள்ளாச்சியிலிருந்து ரோட்டர்டாம் போகும் பாக்ஸ்

கேள்வி: வணக்கம்ங்க சார். பொள்ளாச்சி பக்கம் காயர் பித் பிளாக் (தேங்காய் நார்த்தூள் கட்டி) யூனிட் வச்சிருக்கேன். இத்தனை வருஷமா மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டருக்குத்தான் கொடுத்துட்டிருந்தேன். இந்த வருஷம்தான் சொந்தப் பேர்ல ஹாலந்து பார்ட்டி ஒருத்தருக்கு அனுப்ப ஆரம்பிச்சேன், மாசம் மூணு நாப்பதடி பாக்ஸ், கன்டெய்னர்தான். முதல் ரெண்டும் கொச்சில போச்சு, பிரச்சினை இல்ல. மூணாவதை ரேட் கம்மின்னு தூத்துக்குடில போட்டோம், கொழும்புல பதினாறு நாள் நின்னுடுச்சு. லேட்டுக்கு 900 டாலர் கழிச்சுக்கறேன்னு பார்ட்டி மெயில் போட்டிருக்கார். டெர்ம்ஸ் சிஎஃப்ஆர் ரோட்டர்டாம். கப்பல்ல இடம் பிடிச்சுக் கொடுத்த ஃபார்வர்டரைக் கேட்டா லைனை, அதாவது கப்பல் கம்பெனியைக் கை காட்டறார். இனி கொச்சியே போதும்னு இருந்துடலாமா? திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்சம் போர்ட் வந்தாச்சே, அங்க போடலாமா? ரயில்ல அனுப்பினா மிச்சமாகும்னு ஒருத்தர் சொல்றார். எங்க மாமனார் செகண்ட் ஹேண்டுல ஒரு டிரெய்லர் வாங்கிப் போடுங்கறார். எதுங்க சரி?

பதில்: முதலில் அந்த 900 டாலர். மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை என்றால் நல்லது. போட்டிருந்தாலும் பரவாயில்லை, 'சரி' என்று மட்டும் எழுதாமல் இருந்தால் போதும்.

சிஎஃப்ஆர் என்றால் ரோட்டர்டாம் வரை கப்பல் வாடகை கட்டுவது நீங்கள். ஆனால் சரக்கின் பொறுப்பு, தூத்துக்குடியில் பாக்ஸ் கப்பலில் ஏறியதோடு பார்ட்டியிடம் போய்விடுகிறது. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள், வாடகை கட்டுகிறவன்தான் போய்ச் சேரும்வரை பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு கேட்டதும் கழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பாக்ஸ் ஃபீடரில் (முதலில் ஏற்றிக்கொண்டு போகும் சின்னக் கப்பல்) ஏறிய தேதி பிஎல்லில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) இருக்கும். பார்ட்டி கொடுத்த பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டர்) 'இந்தத் தேதிக்குள் ஷிப்மென்ட்' என்று மட்டும் இருந்து, அந்தத் தேதிக்குள் ஏறியும் இருந்தால் உங்கள் வேலை முடிந்தது, கொழும்பில் நின்ற நாட்கள் உங்கள் கணக்கில் வராது. ஆனால் பிஓவைக் கடைசி வரி வரை படியுங்கள். 'இத்தனையாவது வாரம் ரோட்டர்டாம் வந்து சேர வேண்டும்', 'தாமதமானால் இவ்வளவு கழிவு' என்று எங்காவது ஒரு வரி இருந்து அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் கதை வேறு, அது சிஎஃப்ஆருக்கு மேல் நீங்களாகக் கொடுத்த தனி வாக்கு. டச்சு கிரீன்ஹவுஸ்காரர்களுக்கு நடவு சீசன் தப்பினால் நஷ்டம் நிஜம் என்பதால் இப்படி ஒரு வரியை அவர்கள் போடத்தான் செய்வார்கள்.

சரி, அந்தப் பணத்தை லைனிடமோ ஃபார்வர்டரிடமோ வாங்க முடியுமா? முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎல்லின் பின்பக்கம் பொடி எழுத்தில், எந்தக் கப்பல் எப்போது போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று லைன் எழுதி வைத்திருக்கும். ஃபார்வர்டர் தன் பெயரில் மல்டிமோடல் டாகுமென்ட் (லாரி, கப்பல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆவணம்) கொடுத்திருந்தால் 1993ஆம் ஆண்டின் பல்வகைப் போக்குவரத்துச் சட்டம் வருகிறது. அதிலும், குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அவரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தால்தான் தாமத நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு. அப்படி எழுதிக் கொடுத்த எக்ஸ்போர்ட்டர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் ஃபார்வர்டரையும் பார்த்ததில்லை. இன்சூரன்ஸ்? வழக்கமான கார்கோ பாலிசியில், அதிகபட்சம் கவர் செய்யும் 'ஏ' பிரிவாகவே இருந்தாலும், தாமதத்தால் வரும் நஷ்டம் விலக்கில்தான் இருக்கிறது.

ஆகவே பேசித்தான் தீர வேண்டும். என் யோசனை: பிஎல் தேதியைக் காட்டி, கொழும்பில் மாற்றுக் கப்பல் கிடைக்காத தாமதம் இது, சிஎஃப்ஆர்படி எங்கள் பொறுப்பு இல்லை என்று மரியாதையாக எழுதுங்கள். பார்ட்டியை விட மனமில்லை என்றால் அடுத்த ஆர்டரில் விலையை ஒரு துளி குறைத்துக் கொடுங்கள். இந்த இன்வாய்ஸில் கை வைக்க விடாதீர்கள். கஸ்டம்ஸில் கொடுத்த ஷிப்பிங் பில்லில் ஒரு தொகை, பேங்கில் வந்தது 900 டாலர் குறைவு என்றால் அந்த வித்தியாசம் இடிபிஎம்எஸ்ஸில் (ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று ரிசர்வ் பேங்க் பார்க்கும் கணினிப் பதிவு) தொங்கிக்கொண்டே இருக்கும், அப்புறம் பேங்கில் காரணம் எழுதிக் கொடுத்து அதை முடிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

இனி உங்கள் பாக்ஸ் ஏன் நின்றது என்பதற்கு வருவோம். மற்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பா போகும் பாக்ஸ்களில் பெரும்பாலானவை நேராகப் போவதில்லை. சின்னக் கப்பலான ஃபீடரில் ஏறி, ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கும் கொழும்பில் இறங்கி, அங்கே பெரிய கப்பலான மதர் வெசலுக்குக் காத்திருக்கும். கொழும்பின் புதிய டெர்மினல்களில் 18 மீட்டர் ஆழம், நம் துறைமுகத்தில் 14 மீட்டரைச் சுற்றித்தான். இந்தியப் பெட்டிகளில் கப்பல் மாற்ற வேண்டியவற்றில் ஏறக்குறைய 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறுகின்றன என்று மத்திய அரசே பல வருடங்களாகச் சொல்லி வருகிறது, அதில் பெரிய பங்கு கொழும்புக்கு. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்ததும் ஐரோப்பாவுக்குப் பத்து, பதினான்கு நாள் கூடியது. ஒரு கப்பல் போய்த் திரும்ப அத்தனை நாள் அதிகம் என்றால் அதே சர்வீஸை வாரம் தவறாமல் ஓட்ட அதிகக் கப்பல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரம் கப்பலே வராது. வராத வாரத்தின் பாக்ஸ்கள் அடுத்த வாரத்தின் வரிசையில் வந்து நிற்கும், கொழும்பு யார்டு நிரம்பும்.

அந்த வரிசையில் யார் முதலில் ஏறுவார், யார் நிற்பார்? இதைத்தான் ஃபார்வர்டர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. வருடக் கான்ட்ராக்டில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் பாக்ஸ் முதலில், நல்ல ரேட் கட்டியவர் அடுத்து, அந்த வாரத்து ஸ்பாட் ரேட்டில் சல்லிசாக ஏறியவர் கடைசி. இதில் உங்களுக்கு இன்னொரு பாதகம், உங்கள் சரக்கின் கனம். பனியன் ஏற்றிய நாற்பதடி பாக்ஸும் பித் பிளாக் ஏற்றிய நாற்பதடி பாக்ஸும் கப்பலில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன, ஆனால் உங்களுடையது 24 டன் சரக்கும் பாக்ஸின் சொந்த எடை நாலு டன்னுமாக 28 டன்னில் நிற்கிறது. 1,700 டிஇயு (இருபதடிப் பெட்டிக் கணக்கு, நாற்பதடி என்றால் இரண்டு) என்று பெயர் வைத்திருக்கும் ஃபீடர், டிஇயுவுக்கு 14 டன் வீதம் ஏற்றினால் 1,300 பக்கத்திலேயே எடை முடிந்து மூழ்கு கோட்டைத் தொட்டுவிடும், மேலே இடம் காலியாகத்தான் இருக்கும். அப்போது கப்பலில் அடுக்கத் திட்டம் போடும் பிளானர் எந்தப் பாக்ஸை இறக்கி வைப்பார்? கனம் அதிகம், காசு குறைவு, அதைத்தான். பித் அனுப்புகிறவர்கள் எல்லோரும் கப்பல்காரர்களின் கணக்கில் அந்த வகைதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனவே 'ரேட் கம்மி' என்று உங்களுக்குக் கிடைத்தது ரேட் மட்டும் அல்ல, வரிசையில் ஓர் இடமும் சேர்த்துத்தான். அடுத்த முறை கொட்டேஷன் வரும்போது நான்கு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: மதர் வெசலின் பெயரும் வாயேஜும், ஃபீடர் கொழும்பைத் தொட்டு எத்தனை நாள் கழித்து அந்த மதர் வருகிறது, அந்தக் கப்பலில் தூத்துக்குடிக்கு இவர் கையில் ஒதுக்கீடு இருக்கிறதா, ரோல் ஆனால், அதாவது அந்தக் கப்பலில் ஏறாமல் நின்றுவிட்டால், அடுத்த சாய்ஸ் எது. இரண்டு நாள் இடைவெளி என்று சொன்னால் நான் அதில் ஏற்றமாட்டேன், ஃபீடர் ஒரு நாள் பிந்தினாலே மதர் போய்விடும். நாலைந்து நாள் இருந்தால் நிம்மதி. ஒருவர் இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் 'கிடைச்சிரும் சார், நான் பாத்துக்கறேன்' என்றால் அவர் வேறொரு ஃபார்வர்டரிடம் இடம் வாங்கி உங்களுக்கு விற்கிறார் என்று பெரும்பாலும் அர்த்தம்.

கொச்சியா தூத்துக்குடியா என்பது இதற்கு அப்புறம் வருகிற கேள்வி. பொள்ளாச்சிக்குக் கொச்சியின் கன்டெய்னர் டெர்மினலான வல்லார்பாடம் சுமார் 150 கி.மீ., தூத்துக்குடி சுமார் 300. குதிரான் மலையில் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாலக்காடு-திருச்சூர் சாலையில் முன்பு பட்ட பாடு பெரிதும் குறைந்துவிட்டது. டிரெய்லர் வாடகையில் கொச்சி ஜெயிப்பது நிச்சயம். ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள்: எம்டி (காலி பாக்ஸ்) எடுக்கும் யார்டிலிருந்து உங்கள் களம், களத்திலிருந்து போர்ட், டெர்மினல் ஹேண்ட்லிங், பிஎல் சார்ஜ், ஏஜென்ட் கூலி, கடல் வாடகை, எல்லாவற்றையும் டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்து, இரண்டு துறைமுகத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழ் இன்னொரு வரி, பாக்ஸ் போர்ட்டுக்குள் கேட்-இன் ஆன நாளிலிருந்து ரோட்டர்டாம் வரை எத்தனை நாள் என்று. கடைசியாகப் போன பாக்ஸுக்கு நிஜமாக ஆன நாட்களை எழுதுங்கள், ஃபார்வர்டர் சொல்லும் நாட்களை அல்ல. உங்கள் சரக்குக்கு இந்தக் கணக்கு மற்றவர்களைவிட முக்கியம். உதாரணத்துக்கு டன் 250 டாலர் என்று வைத்தால் ஒரு பாக்ஸ் சரக்கே 6,000 டாலர்தான். கடல் வாடகை ஆயிரம் டாலர் ஏறினால் பனியன்காரருக்கு அது சுண்டைக்காய், உங்களுக்கு அந்தப் பாக்ஸில் லாபமே இல்லை.

2011இல் வல்லார்பாடத்தைத் திறந்தபோது கொழும்பின் வேலையை இனி இங்கேயே செய்வோம் என்றார்கள், அது நினைத்தபடி நடக்கவில்லை, இன்றும் கேரளத்துக்கும் கொங்குப் பக்கத்துக்கும் வந்து போகும் சரக்குதான் அங்கே அதிகம். இருந்தாலும் சில சர்வீஸ்களின் பெரிய கப்பல் கொச்சியை நேராகத் தொடுகிறது. உங்கள் முதல் இரண்டு பாக்ஸும் அப்படிப் போயிருக்கலாம், பிஎல்லில் கப்பல் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். நேர்க்கப்பல் கிடைக்கிற வாரம் டன்னுக்கு இருநூறு முந்நூறு ரூபாய் கூடினாலும் கண்ணை மூடிக்கொண்டு கொச்சி. கொச்சியிலிருந்தும் ஃபீடர்தான், கொழும்புதான் என்றால் இரண்டும் ஒன்றே, மொத்தக் கணக்கு எது குறைவோ அது. 'இனி கொச்சியே' என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு இடத்திலும் ஏஜென்ட் வைத்துக்கொள்ளுங்கள், கொச்சியில் ஹர்த்தாலோ தூத்துக்குடியில் வெள்ளமோ வந்தால் அடுத்ததற்குத் திரும்ப வசதியாக இருக்கும். 2023 டிசம்பர் மழையைத் தூத்துக்குடிக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது எம்டி பாக்ஸ். உங்களுக்கு வேண்டியது நாற்பதடி ஹைக்யூப் (உயரம் கூடிய பாக்ஸ்), நாற்றமில்லாதது, ஈரமில்லாதது. அது எங்கிருந்து வருகிறது? யாரோ இறக்குமதி செய்து காலி செய்த பாக்ஸ்தான். இறக்குமதி மந்தமானால் எம்டி இல்லை, யார்டில் டிரெய்லரைப் போட்டுவிட்டு டிரைவர் காத்துக்கிடப்பார், போர்ட்டில் விட வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் போகும், கப்பல் போகும். உடுமலை, மடத்துக்குளம் பக்கம் பேப்பர் மில்கள் இருக்கின்றனவே, அவர்களுக்கு வெளிநாட்டு வேஸ்ட் பேப்பர் எதில் வருகிறது? பெரும்பாலும் இதே நாற்பதடி பாக்ஸில். அது காலியானதும் திரும்பப் போர்ட்டுக்கு வெறுமனே ஓடுகிறது, அதே நாளில் உங்களுக்கு இன்னொரு எம்டி போர்ட்டிலிருந்து வெறுமனே வருகிறது. இரண்டு வெற்று ஓட்டம், இரண்டுக்கும் டீசல் காசு யாரோ கட்டுகிறார்கள். மில்லுக்கு வரும் பாக்ஸ் எந்த லைனுடையது என்று கேட்டு, அதே லைனில் நீங்கள் புக்கிங் போட்டு, அந்த எம்டியையே எடுத்துக்கொள்ள லைனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எல்லா லைனும் தராது, தருகிறவர்களும் சின்னக் கட்டணம் கேட்கலாம், அப்படியும் மிச்சம்தான். சரக்குப் போக்குவரத்தில் நாம் காசு விடுவது முக்கால்வாசி இந்த மாதிரி இடங்களில்தான், காலியாக ஓடுவதிலும் சும்மா நிற்பதிலும். கி.மீ. குறைப்பதில் வரும் லாபம் அதற்கு அடுத்துத்தான்.

ஆனால் அந்த எம்டியை வாங்கும்போது நீங்களே பார்க்க வேண்டும், டிரைவரை நம்பி விடாதீர்கள். உள்ளே போய்க் கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கூரையிலோ மூலையிலோ ஊசி முனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பாக்ஸ் வேண்டாம், மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும், பித் பிளாக் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவின் ரப்பரைத் தடவிப் பாருங்கள். பலகைத் தரை ஈரமா, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, முன்பு ஏற்றிய சரக்கின் வாடை இருக்கிறதா என்று பார்த்து, உள்ளும் புறமும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். கதவில் இருக்கும் தகட்டில் அதிகபட்ச எடை எழுதியிருக்கும், அதையும் ஒரு படம். பாக்ஸ் நசுங்கியிருக்கிறது என்று பின்னால் யாராவது பில் போட்டால் அந்தப் போட்டோதான் பேசும்.

விழிஞ்சம். அதன் மேல் எனக்கும் ஆசை உண்டு. 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது, டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது, 2025 மே 2ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம், பெரிய கப்பல் பாதை கூப்பிடு தூரம். ஆனால் அது முதலில் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் துறைமுகம். பாலராமபுரத்துக்குப் போட வேண்டிய 10.7 கி.மீ. ரயில் பாதையில் பெரும்பகுதி சுரங்கம், லேசான வேலை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து லாரியில் அங்கே போவதென்றால் கொச்சியைத் தாண்டி இன்னும் 200 கி.மீ.க்கு மேல், அதுவும் கேரளச் சாலையில். அந்த வேலை வேண்டாம். உங்களுக்கு விழிஞ்சத்தால் நன்மை வரும் வழி வேறு: தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஏற்றிய பாக்ஸ் கொழும்புக்குப் பதில் விழிஞ்சத்தில் கப்பல் மாறும். அங்கே அடிக்கடி வருவது முக்கியமாக ஒரே பெரிய லைனின் கப்பல்கள், அந்த லைனில் புக் செய்தால் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியாமல் அடுத்த பாக்ஸ் அந்த வழியாகப் போனாலும் போகும்.

ரயில் சொன்ன நண்பருக்கு நல்ல எண்ணம்தான், ஊர்தான் தப்பு. ஒரு கன்டெய்னர் ரயிலில் 45 வேகன், 90 டிஇயு, அதாவது உங்கள் அளவில் 45 பாக்ஸ் சேர்ந்தால் ஒரு வண்டி. மாதம் மூன்று அனுப்பும் நீங்கள் மற்ற 42க்குக் காத்திருக்க வேண்டும். கோவை இருகூரில் ரயில்வேயின் கன்டெய்னர் நிறுவனமான கான்காரின் டிப்போ இருக்கிறது, அங்கே போக ஒரு டிரெய்லர், இறக்க ஒரு கூலி, வேகனில் ஏற்ற ஒரு கூலி, போர்ட்டில் இறக்க மறுபடி. இந்த ஏற்றி இறக்கும் செலவை ஈடுகட்ட ரயில் நீண்ட தூரம் ஓட வேண்டும். டில்லிப் பக்கத்துக்காரர் மேற்குக் கரைத் துறைமுகங்களான முந்த்ராவுக்கோ நவசேவாவுக்கோ ஆயிரம் கி.மீ.க்கு மேல் ரயிலில் அனுப்பினால் அர்த்தம் உண்டு, அவர்களுக்குச் சரக்குக்கென்றே தனித் தடம் போட்டு, பாக்ஸ் மேல் பாக்ஸ் அடுக்கி ஓட்டுகிறார்கள். தெற்கே அப்படி ஒன்று இல்லை. 150, 300 கி.மீ.க்கு ரயில் லாரியை ஜெயிக்காது. வல்லார்பாடத்துக்கென்றே வேம்பநாட்டு ஏரிமேல் 4.62 கி.மீ. ரயில் பாலம் கட்டினார்கள், கட்டியபோது நாட்டிலேயே நீளமானது, அதில் ஓடுகிற கன்டெய்னர் வண்டிகளை நினைத்தால் பாவமாக இருக்கும். பாலத்தின் மேல் குறை இல்லை, பக்கத்திலிருந்தே வருகிற சரக்குக்கு ரயில் தேவைப்படவில்லை.  

டெர்ம்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபியும் (கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் வேலை முடியும், கடல் வாடகை பார்ட்டி பாடு) சிஎஃப்ஆரும் உண்மையில் பொருந்தாதவை. பாக்ஸை டெர்மினல் கேட்டில் விட்டதும் அது உங்கள் கையில் இல்லை, ஆனால் கப்பலில் ஏறும்வரை பொறுப்பு மட்டும் உங்களுடையது. சர்வதேச வர்த்தக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இல் இதற்கு எஃப்சிஏ (வாடகை பார்ட்டி கட்டுவது), சிபிடி (வாடகை நீங்கள் கட்டுவது) என்று இருக்கிறது, சரக்கைக் கொண்டுபோகும் கேரியரிடம் ஒப்படைத்ததோடு பொறுப்பு மாறும். பார்ட்டி, கப்பலில் ஏறியது என்று காட்டும் ஆன்-போர்டு பிஎல் கேட்பார் என்று பயப்பட வேண்டாம், எஃப்சிஏவிலும் அதை வாங்க 2020 விதியில் வழி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு எஃப்சிஏ பேசிப் பாருங்கள். ரோட்டர்டாமில் அவர்களுக்குக் கான்ட்ராக்ட் ரேட் இருக்கும், அவர்கள் சொன்ன லைனில் நீங்கள் கொண்டுபோய் விட்டால் ரோலானாலும் அது அவர்கள் பாடு. விலையில் கடல் வாடகை போய்விடுவதால் அதில் நீங்கள் வைக்கிற சின்ன லாபம் போகும், உண்மைதான். மாதம் மூன்று பாக்ஸில் அந்த லாபத்தைவிட நிம்மதி பெரிது என்பது என் கருத்து. மாதம் பத்து, பதினைந்து என்று போகும்போது லைனிடம் நீங்களே கான்ட்ராக்ட் பேசலாம், அப்போது மறுபடி வாடகையைக் கையில் எடுங்கள்.

டிரெய்லர் வேண்டாம் என்று மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பத்து நாளைக்கு ஒரு டிரிப் ஓடும் வண்டிக்கு டிரைவர் சம்பளம், டயர், டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் முப்பது நாளைக்கும் உண்டு, திரும்பி வர லோடு பிடிக்க நீங்கள் தனியாக ஓர் ஆள் வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் களத்தில் இரண்டு பாக்ஸ் சரக்கு நனையாமல் அடுக்கி வைக்க ஒரு ஷெட்டும், பேலட் (அடுக்குப் பலகை) தூக்க ஒரு ஃபோர்க்லிஃப்டும் வாங்கலாம். ஐந்து கிலோ பிளாக் நாலாயிரத்து எண்ணூறை ஒவ்வொன்றாகக் கையில் அடுக்கி முடிப்பதற்குள் வாடகை டிரெய்லருக்கு ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) ஏறிக்கொண்டிருக்கும், பேலட்டில் தயாராக இருந்தால் வந்த வண்டி அன்று மதியமே கிளம்பிவிடும். பேலட்டில் எடை கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும், ஆனால் ஹாலந்தில் கையால் இறக்கும் கூலியை நினைத்து உங்கள் பார்ட்டியே அதைத்தான் விரும்புவார், கேட்டுப் பாருங்கள்.